பழைய காரில் போட்ட பணத்தை மறந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: 1973ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்டாக் (Triumph Stag) என்ற பிரிட்டிஷ் கார் ஒன்றைச் சில வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொண்டால், இதுவரை ரிப்பேருக்கே 80 போய்விட்டது. போன மாதம் இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, ஹெட்டும் வளைந்திருக்கலாம், 60 ஆகும் என்கிறார் மெக்கானிக். இப்படியே விற்றால் 40க்குக் கேட்கிறார்கள். ஓடும் நிலையில் 90க்குப் போகும். மனைவி விற்கச் சொல்கிறார். இவ்வளவு போட்ட பிறகு விட மனமில்லை. பர்சனல் லோன் எடுத்து முடித்துவிடலாமா? வேறு இன்ஜினை மாட்டினால் செலவு மிச்சமாகுமா?

பதில்: அந்த 80 போனது போனதுதான். காரை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பாது. அதனால் முடிவெடுக்கும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ‘இவ்வளவு போட்டாயிற்றே’ என்பது விட்டதைப் பிடிக்கிற ஆசை. பழைய காரில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் வீணாகிறது.

பார்க்க வேண்டியது மூன்று எண்களை. இன்றைய விலை 40, இனி ஆகும் செலவு 60, அதற்குப் பிறகான விலை 90. அதாவது 60 போட்டால் மதிப்பு 50 ஏறுகிறது, கையை விட்டுப் போவது 10. உங்களுக்குப் பிரியமான ஒரு காரை ஓட்டுவதற்கு அந்த 10 அதிகமில்லை. மனைவியிடம் அந்த 10ஐச் சொல்லிப் பாருங்கள். ‘60 ஆகும்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அந்த 60ஐ நான் நம்பவில்லை. 1970 முதல் 1977 வரை வந்த இந்தக் காரின் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் சூடாவதற்குப் பேர் போனது. பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். வாட்டர் பம்ப் மேலே உட்கார்ந்திருப்பதால் கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலே தண்ணீர் சுற்றுவது தடுமாறும். ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (மரைக் கம்பிகள்) சாய்வாக இருக்கின்றன. அவை அரித்து அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டால் ஹெட்டைக் கழற்றுவதே தனி யுத்தம். கேஸ்கெட்டின் விலை பெரிதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதுபோல எல்லாம் லேபரில்தான் போகும். அப்புறம், திறந்த இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயினை மாற்றாமல் மூடுவது முட்டாள்தனம். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி மொத்த இன்ஜினும் போய்விடும். எஸ்டிமேட்டில் செயின், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் சுத்தம் செய்வது, ஹெட்டை லேத்தில் சமப்படுத்துவது எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். பார்ட்ஸ் தனி, லேபர் தனி என்று எழுதி வாங்குங்கள். ஸ்டட் ஒட்டியிருந்தால் கூடுதலாக எவ்வளவு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். இதெல்லாம் சேர்ந்து 80 ஆனால் கையை விட்டுப் போவது 30. அது சம்மதமா என்பதுதான் உண்மையான கேள்வி.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. இன்ஜினில் பணம் போடுவதற்கு முன் பாடியைப் பாருங்கள். இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் பாரத்தைத் தாங்குகிறது. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி அந்தப் பகுதி நெடுக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தரைவிரிப்பைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் டிங்கரிங் செலவு இன்ஜின் செலவையே தாண்டிவிடலாம். அப்படியிருந்தால் 40க்குக் கொடுத்துவிடுங்கள். பார்ட்ஸுக்காகவே இந்தக் காரைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேறு இன்ஜின் மாட்டுவது பற்றி: ரோவர் கம்பெனியின் வி8 இன்ஜின் மாட்டிய ஸ்டாக்குகள் நிறைய உண்டு, ஓட்டவும் தொல்லை குறைவு. ஆனால் வாங்க வருகிறவர்கள் ஒரிஜினல் இன்ஜினுக்குத்தான் பொதுவாக அதிக விலை தருகிறார்கள். பத்து வருடம் வைத்து ஓட்டுவதென்றால் யோசிக்கலாம். விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

லோன் கண்டிப்பாக வேண்டாம். நான் போட்ட கணக்கில் வட்டி இல்லை. அதைச் சேர்த்தால் அந்த 30 இன்னும் ஏறும். கார் வொர்க்‌ஷாப்பில் நின்றாலும் தவணை நிற்காது. ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான அவசரகாலப் பணத்தையும் தொடாதீர்கள். தனியாக ஒரு கணக்கு தொடங்கி மாதாமாதம் போட்டுச் சேர்த்து வாருங்கள். ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை. இன்ஜினைத் திறந்துபோட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பதுதான் தவறு. சிலிண்டர் துருப்பிடிக்கும், பார்ட்ஸ் தொலையும். முழுத் தொகையும் சேர்ந்த பிறகே கழற்றச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பில்கள், போட்டோக்களை ஒரு ஃபைலில் போட்டு, ஒப்புக்கொண்ட மதிப்புக்கு இன்சூரன்ஸ் தருகிற பாலிசி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சாதாரண பாலிசியில் வயதைக் காட்டி மதிப்பைக் குறைத்துவிடுவார்கள்.