சூதாட்ட வருமானமும் வரியும்: வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். வருமான வரியைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பணம் எந்த வழியில் வந்தது என்று வரி கேட்பதில்லை, வந்ததா என்று மட்டுமே கேட்கிறது என எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு ஓர் ஐயம். என் தம்பி ஆறு ஆண்டுகளாக வெளிநாட்டில் போக்கர் என்ற பணச் சீட்டாட்டம் ஆடியே வாழ்கிறான். வேறு வேலை கிடையாது. அந்த நாட்டில் அவன் ஜெயிக்கும் பணத்துக்கு வரி இல்லை. நான் மாதச் சம்பளக்காரன். பணம் என் கைக்கு வருவதற்கு முன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். இதை அவனிடம் ஒருமுறை சொன்னபோது, "நான் தோற்ற மாதங்களில் அரசாங்கம் என்னிடம் வந்து எதையாவது கொடுத்ததா?" என்று திருப்பிக் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு தயக்கமும் உண்டு. வரி வாங்கினால் சூதாட்டத்தை ஒரு தொழில் என்று அரசே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா? சூதாட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் வரி கட்டத்தான் வேண்டுமா என்பதை விரிவாக எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்
(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உங்கள் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த முடிவுக்கு வர எவருக்கும் உரிமையில்லை என்றும் நினைக்கிறேன். அவர் தட்டிக்கழிப்பதற்காகக் கேட்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். உண்மையில் ஒரு நூற்றாண்டாக நீதிமன்றங்களும் நிதியமைச்சகங்களும் தடுமாறி நிற்கும் இடத்தையே அவர் தொட்டிருக்கிறார்.

சூதாடியின் வெற்றிக்கு வரி இல்லை என்ற நிலைப்பாட்டின் வேர் இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டு வந்த கிரஹாம் எதிர் கிரீன் வழக்கில் இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி, அதில் வந்ததைக் கொண்டே குடும்பம் நடத்திவந்த ஒருவரிடம் வரித்துறை வரி கேட்டது. வழக்கை விசாரித்தவர் நீதிபதி சிட்னி ரௌலட். ஆம், 1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டத்தால் நாம் அறிந்த அதே மனிதர்தான். வரி வழக்குகளில் அவர் பெரிய பெயர் பெற்றவர் என்பது இங்கே பலருக்கும் தெரியாது. பந்தயம் கட்டுவது இருவருக்கிடையே பகுத்தறிவுக்குள் அடங்காத ஓர் உடன்பாடு, ஒரு நிகழ்வு நடந்தால் ஒருவர் மற்றவருக்குப் பணம் தருவார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, அதை எத்தனை முறை திரும்பத் திரும்பச் செய்தாலும் அது வியாபாரமாகிவிடாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். பந்தயங்களை ஏற்று நடத்தும் புக்மேக்கரை அவர் தனியாகப் பிரித்துவைத்தார். பலரிடமிருந்து பணத்தை ஏற்று, எந்தக் குதிரை வந்தாலும் தனக்கு ஒரு பங்கு மிஞ்சும்படி தொகைகளை அமைப்பவர் வியாபாரி என்பதில் அவருக்கு ஐயமில்லை.

இந்தத் தீர்ப்பின் பின்னால் நடைமுறைக் காரணம் ஒன்றும் இருக்கிறது. தத்துவக் காரணத்தைவிட அதுவே வலுவானது என்று எனக்குத் தோன்றுகிறது. வென்றவரின் பணம் தொழில் வருமானம் என்றால், தோற்றவரின் பணம் தொழில் நஷ்டமாகிவிடும். நஷ்டம் என்று ஏற்றுக்கொண்டால், அதை அவர் தம் மற்ற வருமானங்களிலிருந்து கழிக்கக் கேட்பார். சூதாட்டத்தில் தோற்பவர்களே எப்போதும் மிகுதி. நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, ஆடுபவர்கள் அனைவரின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டினால் கிடைப்பது நஷ்டம் மட்டுமே. ஆகவே ஆடுபவர்களிடம் நேர்மையாக வரி வசூலிக்கப் புறப்படும் அரசு, வசூலிப்பதைவிடக் கூடுதலாகத் தள்ளுபடி தர நேரிடும். பிரிட்டன் இதைப் புரிந்துகொண்டு, வரியை நடத்துபவர்களின் பக்கமே வைத்துக்கொண்டது. பந்தயம் கட்டுபவர்களிடமிருந்து 9 சதவீதம் பிடிக்கப்பட்டுவந்த வழக்கம்கூட 2001இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பதிலாகப் பந்தய நிறுவனங்களின் மொத்த லாபத்தின் மீது 15 சதவீத வரி வந்தது.

இவ்வளவும் சரியென்றால் நான் ஏன் கட்ட வேண்டும் என்கிறேன்? ரௌலட்டின் தீர்ப்பு எல்லாச் சூதாடிகளையும் ஒரே இனமாகப் பார்க்கிறது. அது பொருந்தாது என்பதை நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன், சீட்டாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஒருவர் தம் கணக்கு நோட்டை எனக்குக் காட்டினார். கோடு போட்ட சாதாரண நீள நோட்டு. தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கொண்டுபோன தொகை, கொண்டுவந்த தொகை என்று பத்திகள். கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: "தூக்கம் போதவில்லை", "எதிரில் இருந்தவர் பொறுமையானவர், மேசை மாறியிருக்க வேண்டும்", "கோபத்தில் இரண்டு ஆட்டம்". அவர் எனக்குக் காட்டிய மாதத்தில் 22 இரவுகள் ஆடியிருந்தார். அவற்றில் 13 இரவுகள் தோல்வி. தோற்ற நாட்களைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். சிவப்பு வரிகளே அதிகமாக இருந்த அந்தப் பக்கத்தின் அடியில் கூட்டிப் பார்த்தால் ஒரு சிறு தொகை லாபமாக நின்றது. அதைத்தான் அவர் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பக்கத்தின் அளவை நூறுக்குச் சுருக்கிச் சொல்கிறேன். ஜெயித்த இரவுகளில் கிடைத்தவை 100 என்றால், தோற்ற இரவுகளில் போனவை 88. போக்குவரத்துக்கும் தங்குவதற்கும் 4. மிஞ்சியது 8. இது ஒரு தொழிலின் கணக்கு. எந்தச் சிறு வியாபாரியின் பேரேடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அந்த 8க்கு வரி கேட்டால் அவர் மறுக்க நியாயமில்லை. சாலையும் மருத்துவமனையும் நீதிமன்றமும் அவருக்கும் உரியவை; நீங்கள் சம்பளத்திலிருந்து கட்டும் வரியில் அவரும் பங்கு பெறுகிறார். ஆனால் 100க்கு 30 சதவீத வரி கேட்டால், எட்டை வைத்திருப்பவரிடம் முப்பதைக் கேட்டதாகிறது. அவர் அதற்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது கணக்கை மறைக்க வேண்டும்.

இது கற்பனையான அச்சம் அல்ல. நம் நாட்டுச் சட்டத்திலேயே லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் ஆகியவற்றில் கிடைத்த தொகைக்குத் ஒரே சீராக 30 சதவீதம் என்பதும், செலவையும் தோற்ற தொகையையும் அதிலிருந்து கழிக்க முடியாது என்பதும் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. 2023 ஏப்ரலில் இணைய விளையாட்டுகளுக்கு, போட்ட பணத்தைக் கழித்து நிகர வெற்றியைக் கணக்கிடும் முறை வந்தபோது ஓரளவு சரியான திசையில் ஓர் அடி வைத்தார்கள். 2025இல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டம் வந்துவிட்டதால், அந்த முறையின் பயன் என்னவென்று பார்க்கும் வாய்ப்பே குறுகிவிட்டது.

அமெரிக்காவின் அனுபவம் இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது. ராபர்ட் கிரோட்சிங்கர் என்பவர் வேலையை இழந்தபின் 1978ஆம் ஆண்டில் 48 வாரங்கள், வாரத்துக்கு 60 முதல் 80 மணி நேரம், நாய்ப் பந்தயங்களுக்காகவே செலவிட்டார். அந்த ஆண்டில் அவர் கட்டியது 72,032 டாலர். திரும்ப வந்தது 70,000 டாலர். 2,032 டாலர் நஷ்டம். அப்படியும் அவர் குறைந்தபட்ச வரி ஒன்றைக் கட்ட வேண்டும் என்றது வரித்துறை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1987இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. பொழுதுபோக்காக அன்றி, வாழ்வாதாரத்துக்காக, முழுநேரமாக, நல்லெண்ணத்தோடு, ஒழுங்கு தவறாமல் ஒருவர் சூதாடினால் அது தொழிலே என்றது நீதிமன்றம். இங்கிலாந்து நீதிபதி தொழிலில்லை என்று சொல்லி வரியை விலக்கினார்; அமெரிக்க நீதிபதிகள் தொழில்தான் என்று சொல்லி, நஷ்டப்பட்ட மனிதர் தலையிலிருந்து வரியை இறக்கிவைத்தார்கள். இரண்டில் எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. அது அந்த மனிதர் வாரத்துக்கு எழுபது மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பார்த்தது.

ஆனால் அதே நாடு 2025இல் இயற்றிய வரிச் சட்டத்தில், 2026 முதல் சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்கலாம் என்று வரையறுத்தது. ஓராண்டில் ஒரு லட்சம் டாலர் வென்று ஒரு லட்சம் டாலர் தோற்றவர் கையில் எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவரிடம் 10,000 டாலர் வருமானம் இருக்கிறது. சிறிய விகித லாபத்தில் பெருந்தொகைகளைச் சுழற்றும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இந்தப் பத்து சதவீதம், ஆண்டு முழுவதும் உழைத்த லாபத்தையும் தாண்டிப் போய்விடும். இது அநீதி என்று தயங்காமல் சொல்வேன். வரி என்ற பெயரில் ஒரு தொழிலை நெரிப்பதைவிட, அதை வெளிப்படையாகத் தடை செய்வது நேர்மையானது.

யார் தொழில்முறை ஆட்டக்காரர் என்று தீர்மானிப்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2010இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்று ஏறக்குறைய 90 லட்சம் டாலர் பெற்ற கனடாக்காரர் ஜொனதன் துஹமேல், அதைத் தொழிலாக நடத்தவில்லை என்று 2022இல் அந்நாட்டு வரி நீதிமன்றம் முடிவு செய்தது. அவ்வளவு பெரிய வெற்றியே ஒருவரைத் தொழில்முறையாளர் ஆக்கிவிடாதென்றால், வேறு எது ஆக்கும்? என்னைக் கேட்டால், தொகையைப் பார்க்காமல் நோட்டைப் பார்க்க வேண்டும். தோல்விகளையும் விடாமல் எழுதி, பல ஆண்டுகள் அதே வேலையிலேயே நின்று, அதிலிருந்தே சாப்பிடுகிறவர் தொழில் செய்கிறார். அவருக்கு ஆண்டின் நிகரத் தொகைக்கு மட்டும் வரி இருக்க வேண்டும். நஷ்டமடைந்த ஆண்டின் சுமையை அடுத்த ஆண்டுகளின் சூதாட்ட லாபத்தில் கழித்துக்கொள்ளும் உரிமையும் இருக்க வேண்டும். வேறு வேலையின் சம்பளத்தில் கழிக்க அனுமதிக்க வேண்டியதில்லை. அனுமதித்தால் முன்பு சொன்ன சிக்கல் திரும்பி வந்துவிடும். எப்போதாவது ஆடுபவரை விட்டுவிடலாம். அவர் பங்குக்கான வரியை ஆட்டத்தை நடத்துபவரிடமே வாங்கிவிட முடியும்.

உங்கள் இரண்டாவது தயக்கத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வரி வாங்குவது ஒப்புதல் தருவதாகாது. கள்ளச்சாராய வியாபாரத்தில் வந்த வருமானத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இலேயே சொல்லிவிட்டது. 1931இல் சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பல் தலைவர் ஆல் கபோனுக்குப் பதினோரு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்ததும் வரி ஏய்ப்புக்காகத்தான். அதனால் அவருடைய தொழிலை அரசு வாழ்த்தியதாக எவரும் நினைக்கவில்லை.

உங்கள் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் தோற்ற மாதங்களில் அரசு எதுவும் தரவில்லை என்பது உண்மைதான். அவர் வாழும் நாட்டில் ஜெயித்த மாதங்களிலும் அது எதையும் கேட்கவில்லை. அந்த வகையில் அங்கே கணக்கு நேராக இருக்கிறது, அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நாளைக்கு அந்தச் சட்டம் மாறி அவரிடம் வரி கேட்டால், தோற்ற மாதங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று கேட்கும் முழு உரிமை அவருக்கு உண்டு; அந்தக் கணக்கை அவர்கள் ஏற்றுக்கொண்டால், மிஞ்சியதில் பங்கு கேட்பதை அவர் மறுக்கக் கூடாது. அவர் சிவப்பு மையில் எழுதுகிறாரா என்று அடுத்த முறை பேசும்போது கேட்டுப் பாருங்கள்.