கூடாரம் எங்கே போடுவது?

கேள்வி: நகரின் நடுவே கூடாரம் போட்டுப் போராடுபவர்கள் இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரிய மைதானம் போதாதா?

பதில்: பெரிய மைதானத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்நூறு பேர் உட்கார்ந்தாலும் படத்தில் காலியாகத்தான் தெரியும்! நிலம் யாருடையது, இரவில் பூட்டுவார்களா என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் பெரிய வங்கிகளின் ஆதிக்கத்தையும் பொருளாதார ஏற்றத்தாழ்வையும் எதிர்த்த வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்கள் முதலில் குறிவைத்த வங்கிச் சதுக்கத்தைப் போலீஸ் அடைத்துவிட்டது. உடனே பக்கத்திலிருந்த சுக்கோட்டி பூங்காவுக்குப் போனார்கள். சின்ன இடம், சுமார் 33,000 சதுர அடி. ஆனால் தனியாருக்குச் சொந்தமான அந்தப் பூங்காவைப் பொதுமக்களுக்கு 24 மணி நேரமும் திறந்துவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாநகராட்சிப் பூங்காக்களைப் போல இரவில் மூட வழியில்லை. அந்த ஓட்டையால்தான் நவம்பர் 15 அதிகாலை அகற்றப்படும்வரை தாக்குப்பிடித்தார்கள். (சட்டம் படித்தவர் ஒருவராவது கூட இருப்பது நல்லது.)

அதே ஆண்டு லண்டனிலும் பங்குச்சந்தை அருகிலுள்ள சதுக்கம் அடைபட, செயின்ட் பால் தேவாலய வாசலில் கூடாரம் எழும்பியது. ஆகவே இரண்டாவது இடம் கைவசம் இருக்கட்டும்.

பிறகு கழிப்பறை. இதை யாரும் மேடையில் பேசுவதில்லை. பெண்களும் முதியவர்களும் இரவில் தங்குவார்களா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நடந்துபோகும் தூரத்தில் கழிப்பறையும் குடிநீரும் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள்.