ஆலங்கட்டி, ஐஸ், பனி: பிள்ளைகள் தின்னலாமா?

குழந்தை மருத்துவராக எனக்கு இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஐஸைப் பற்றித்தான். வேலூர் வெயிலுக்கு அது நியாயம்தான்.

கணவர் ராணுவத்தில் இருக்கிறார். டிசம்பரில் காஷ்மீர் போகிறோம். ஐந்து வயது மகன் பனியை அள்ளித் தின்பேன் என்கிறான். விடலாமா? (கம்மவான்பேட்டை)

ஒரு வாய், இரண்டு வாய் தின்னட்டும் அம்மா. புதிதாக விழுந்த, வெள்ளை வெளேரென்ற பனியை மேலாக மட்டும் எடுத்துக் கொடுங்கள். பனி காற்றிலுள்ள புகையையும் தூசியையும் சேர்த்துக்கொண்டுதான் இறங்கும். அதனால் முதலில் விழுவதை விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து விழுவதை எடுப்பது நல்லது. மஞ்சளாக இருந்தால் நாயோ குதிரையோ மூத்திரம் போன இடம். இளஞ்சிவப்பாக இருந்தால் அதில் ஒருவகைப் பாசி வளர்ந்திருக்கலாம், வயிற்றைக் கலக்கும். ரோட்டோரம் ஒதுக்கித் தள்ளிய குவியல் வேண்டவே வேண்டாம். அதில் மண், வண்டிப்புகை, பனி உருகத் தூவிய உப்பு எல்லாம் இருக்கும்.

தாகத்துக்கு மட்டும் பனியைக் கொடுக்காதீர்கள். ஒரு சொம்பு நிறையப் புதுப்பனி உருகினால் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் நிற்கும். வாயில் போட்டால் அதை உருக்க உடம்புச் சூடுதான் செலவாகும். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள்.

ஆலங்கட்டி மழையில் பிள்ளைகள் மொட்டைமாடியில் பொறுக்கித் தின்றுவிட்டார்கள். பயமாக இருக்கிறது. (குடியாத்தம்)

தின்றதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் பார்த்து, வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் மட்டும் காட்டுங்கள். எனக்குக் கவலை, அவர்கள் மாடியில் நின்றதுதான். ஆலங்கட்டி இடிமேகத்தில்தான் உருவாகிறது. அது விழும்போது மின்னலும் தலைக்கு மேலேயே இருக்கும். அடுத்த முறை முற்றத்தில் ஒரு தாம்பாளத்தை வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். இடி ஓய்ந்ததும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். மாடித்தரையில் காக்கை எச்சம் கிடக்கும்.

கரும்புச்சாறு, சர்பத் ஐஸ் பாதுகாப்பானதா? (சத்துவாச்சாரி)

உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சாகாது. டைபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலை வைரஸும் ஐஸுக்குள் அப்படியே இருந்து, உருகியதும் வேலையைக் காட்டும். எந்தத் தண்ணீரில் உறையவைத்தார்கள் என்பதுதான் கேள்வி. தின்பதற்கு அல்லாத ஐஸில் நீலநிறம் கலக்க வேண்டும் என்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. அதற்காக வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்லதென்று ஆகிவிடாது. சாக்கில் சுற்றிய ஐஸ் பாரை நடைபாதையில் போட்டு உடைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். “ஐஸ் வேண்டாம்” என்று சொல்லியே சாறு வாங்குங்கள்.

ஐஸ் தின்றால் சளி பிடிக்குமா? (ஆரணி)

பிடிக்காது. சளி வைரஸால் வருவது. வீசிங் உள்ள பிள்ளைக்கு மட்டும் இருமல் கிளம்பலாம். நான்கு வயதுக்குள் முழு ஐஸ்கட்டி கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

பன்னிரண்டு வயது மகள் ஃப்ரீசரில் படியும் பனியைக் கரண்டியால் சுரண்டித் தின்கிறாள். திட்டினாலும் நிறுத்தவில்லை. (ராணிப்பேட்டை)

தயவுசெய்து திட்டாதீர்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். ஐஸைக் கடித்துக்கொண்டே இருக்கும் ஆசை பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெளுத்திருக்கிறதா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மாதவிலக்கு தொடங்கி, அதிகம் போகிறதா? இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பிலுள்ள இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இந்த வயதில் இரத்தசோகை. அது சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். பூச்சி மருந்து கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். கேழ்வரகுக் களி, கீரை, ஈரல் எல்லாம் நல்லதுதான். ஆனால் இருப்பு தீர்ந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதை எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள், டீயோடு வேண்டாம். மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் இரத்தம் ஏறுவதற்கு முன்பே ஐஸ் ஆசை போய்விடும். அப்போதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும்.