மணல்தானே?

வணக்கம் சார்,
நான் முதுகலை நிலவியல் மாணவன். எங்கள் ஊர்க் கடற்கரை மணல்மேடுகளின் உள்ளமைப்பைத் தரை ஊடுருவும் ரேடாரால் பார்க்க ஆசை. எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா சரிப்படும்? கருவி வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ‘மணல்தானே, ஜேசிபி வைத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்துவிடலாம்’ என்கிறான் நண்பன். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.
கே.

அன்புள்ள தம்பி,

ஆழம் வேண்டுமானால் 100, அடுக்குகள் நுணுக்கமாகத் தெரியவேண்டுமானால் 200. வாடகையை உன் பேராசிரியரிடம் பேசு. என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த ஜேசிபிதான்.

‘மணல்தானே’ என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நிலவியல் படிக்கிற பிள்ளை அல்லவா நீ!

எங்கள் ஆச்சி வீட்டுக்குக் கிழக்கே ஒரு மணல்மேடு இருந்தது. அதன் அடிவாரத்தில் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று. ஆச்சி சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிறைப்பாள். கடல் கூப்பிடு தூரம்தான், தண்ணீரோ இளநீர் போல இருக்கும். மேட்டில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட லேசு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். நான் கல்லூரியில் படித்தபோது லாரிகள் வந்தன. இரண்டே கோடையில் மேடு போயிற்று, ஊற்று கரித்தது. வெட்டிய முகத்தில் வெள்ளை மணலுக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு கருமணல் கோடு, கடலைப் பார்த்துச் சரிந்திருந்தது. தொட்டேன், உதிர்ந்துவிட்டது.

அது என்னவாக இருக்கும் என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. பெரும்புயல் மேட்டின் முகத்தை அரிக்கும்போது லேசான மணலை அலை கொண்டுபோய்விடும், கார்னெட், மேக்னடைட் போன்ற கனமான தாதுத் துகள்கள் தங்கிவிடும். அப்புறம் புதுமணல் வந்து மூடும். ரேடார் தரைக்குள் அனுப்பும் அலை அந்தக் கருமணல் தழும்பில் பட்டுத் திரும்பும். அமெரிக்காவின் மேய்ன் கரையில் நிலவியலாளர் இல்யா பூய்னெவிச்சும் கூட்டாளிகளும் இப்படிப் புதைந்த புயல் தழும்புகளைக் கண்டு 2004-இல் எழுதினார்கள். அவர்களுக்குத் தழும்பைக் காட்டியது ரேடார்தான், ஜேசிபி அல்ல.

ஆச்சியின் ஊற்றுகூட ரேடாருக்குத் தெரியும். காய்ந்த மணலில் அலை நானோநொடிக்குச் சுமார் 15 செ.மீ. ஓடும், நனைந்த மணலில் 6 செ.மீ.தான். அந்த எல்லை பளிச்சென்று ஒரு கோடாக விழும். உப்புநீர் வந்தால் அலை அங்கேயே அடங்கிவிடும்.

ரேடார் காட்டும் கோடு சரிதானா என்று பார்க்கக் கைத்துளைப்பான் போதும். மழைக்காலம் முடிந்தவுடன் போகாதே. பங்குனியில் மேல்மணல் காயட்டும், மணலைப் பிடித்து நிற்கும் இராவணன் மீசைப் புல்லை மிதிக்காமல் கருவியை மெல்ல இழுத்துப் போ. கருங்கோடு கிடைத்தால் அன்றைக்கே எனக்கு எழுது.