ஜாடியில் வைத்த ஜினியா மறுநாளே தலை தொங்குவது ஏன்?

தோட்டத்தில் வளர்த்த ஜினியாவைப் பறித்து ஜாடியில் வைத்தால் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சீக்கிரமே பறித்துவிடுகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. என் கதையும் அதுதான். மல்லிகை பறித்துப் பழகிய கை! மல்லியைக் காலையில் மொட்டாகப் பறித்தால் மாலையில் தானே விரியும். ஜினியா அப்படியில்லை. வெட்டிய பிறகு அது மேற்கொண்டு விரியாது, கழுத்துதான் துவளும்.

பூவுக்கு அரை அடி கீழே காம்பை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். காம்பு குச்சி மாதிரி விறைப்பாக நின்றால் வெட்டலாம். பூ மட்டும் தனியாகத் தலையாட்டினால் இன்னும் இரண்டு மூன்று நாள் செடியிலேயே இருக்கட்டும். பூ பார்க்க முழுசாக விரிந்தது போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம் காம்பின் நீளம். செடி ஒரு அடி வளர்ந்ததும், மூன்று நான்கு ஜோடி இலை விட்டு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நான் கிள்ளியபோது மாமியார், "மொட்டு வைக்கிற நேரத்துல தலையைக் கிள்ளுறியேம்மா!" என்று பதறினார். கிள்ளிய இடத்துக்குக் கீழ்க் கணுவிலிருந்து பக்கக் கிளைகள் நீளமாக வந்ததும்தான் சமாதானமானார். பூ வெட்டும்போதும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே, நன்றாகக் கீழே தள்ளி வெட்டுங்கள். பக்கத்து மொட்டு ஒன்றிரண்டு கூடவே போகும், பரவாயில்லை.

நர்சரியில் தொட்டியில் பூத்து நிற்பவை பெரும்பாலும் குட்டை ரகம், ஜாடிக்குத் தேறாது. பெனரீஸ் ஜெயன்ட் மாதிரி மூன்றடிக்கு மேல் வளரும் ரகத்தின் விதை வாங்கி, நேரடியாக மண்ணிலோ க்ரோ பேக்கிலோ போடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், பூக்க இரண்டு மாதம் பிடிக்கும். முக்கால் அடியாவது இடைவெளி விட்டு, தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். நெருக்கமாக வைத்த என் முதல் வரிசை முழுக்க மார்கழியில் சாம்பல் நோய், இலையெல்லாம் கோலமாவு தூவியது போல.

விடியற்காலையில் வாளித் தண்ணீரோடு போய் வெட்டி, தண்ணீருக்குள் இருக்கும் இலைகளை உருவிவிடுங்கள். ஜினியா தண்ணீரைச் சீக்கிரம் கலங்கடித்துவிடும், தினமும் மாற்ற வேண்டும். எனக்கு ஒரு வாரம் தாங்குகிறது. மிச்ச மல்லியை வைப்பது போல ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், இந்தப் பூவுக்குக் குளிர் ஆகாது.