பழைய படத்தில் சதுப்பின் கரை எது?

கேள்வி: அமெரிக்காவின் லூயிசியானா கடலோரச் சதுப்பு நிலங்களைக் காட்டும் 1930-களின் இடவிளக்கப்படம் ஒன்று கிடைத்தது. அதன்மேல் இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பொருத்தினால், கடல் கொண்ட நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டுவிடலாமா?

பதில்: கணக்கிடலாம், ஆனால் பழைய படத்தின் கரைக்கோடு எதைக் குறிக்கிறது என்பதை அறிந்த பிறகே அதில் இறங்க வேண்டும். மணற்பாங்கான கரையில் அளவையாளர்கள் சராசரி உயர் ஓதத்தின் எல்லையைக் கோடாக வரைந்தார்கள். சதுப்பிலோ அந்த எல்லை புல்லுக்குள் மறைந்துகிடக்கும் என்பதால், அமெரிக்கக் கடலோர அளவைத் துறையினர் கடல் பக்கம் புல் முடிகிற விளிம்பையே கரையாகக் கொண்டார்கள். ஆகவே, படத்தில் நிலமாகத் தெரியும் இடத்தில் பெரும்பகுதி ஓதம் ஏறும்போது நீர் புகும் புல்வெளிதான். அதை உலர்ந்த தரையென்று எண்ணிக் கணக்கிட்டால் தொடக்கமே பிழையாகிவிடும்.

அடுத்து, தரையின் தொலைவைப் படம் எத்தனை மடங்கு சுருக்கிக் காட்டுகிறது என்னும் அளவையைக் கவனியுங்கள். 1:62,500 அளவையில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 31 மீட்டரை மூடிவிடுகிறது. அதற்குக் குறைவான அரிப்பை அந்தப் படத்தைக் கொண்டு மெய்ப்பிக்க முடியாது. 1927-ஆம் ஆண்டின் ஆயத்தொலை அடிப்படையில் (அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிட அன்று வகுத்த ஆதாரத்தில்) வரைந்த படத்தை இன்றைய அடிப்படைக்கு மாற்றாமல் பொருத்தினால், கரை நகராத இடத்திலும் நகர்ந்ததுபோலத் தோன்றும்.

அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். களத்தில் அளந்த ஆண்டு ஓரக்குறிப்பில் இருக்கும். அதுவே உங்களுக்குத் தேவையான ஆண்டு. பிற்காலப் பதிப்புகளில் ஊதா மையில் உள்ளவை, களத்தில் சரிபார்க்காமல் வான்படங்களைக் கொண்டு சேர்த்த திருத்தங்கள். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 1884 முதல் வெளியிட்ட பழைய படங்களை இலவசமாகவே தருவதால், ஒரே பகுதியின் பல பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

இத்தகைய கவனத்தோடு செய்த ஆய்வுகளின்படி, 1932-க்கும் 2016-க்கும் இடையில் லூயிசியானா கடலோரம் இழந்தது சுமார் 4,800 சதுர கிலோமீட்டர். மிசிசிப்பி ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரைகள் வண்டலைச் சதுப்புக்குச் சேரவிடாமல் தடுத்ததும், எண்ணெய்க் கிணறுகளுக்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே புகுந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

நிலத்தோடு பெயர்களும் போய்விட்டன என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. சுற்றியிருந்த சதுப்பு கரைந்து தனி விரிகுடாவாக நில்லாமற்போன 'யெல்லோ காட்டன் பே' போன்ற பெயர்களைப் புதிய கடல் வரைபடங்கள் நீக்கிவிட்டன. உங்கள் 1930-களின் படத்தில் இப்படிப்பட்ட பெயர்கள் இருக்கக்கூடும். பரப்பைக் கணக்கிடும்போது அவற்றையும் ஒவ்வொன்றாகக் குறித்து வையுங்கள்.