கோதுமை பீரில் வண்டல் இருக்கலாமா?

ஜெர்மனியிலிருந்து வந்த மைத்துனர் கோதுமை பீர் கொண்டுவந்தார். பாட்டில் அடியில் மாவு மாதிரி படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?
– வாசகர், மண்டபம்

கெடவில்லை. அது ஈஸ்ட். ஹெஃபெவைட்சன் எனப்படும் வகையை வடிகட்டாமலே அடைப்பார்கள். வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் புளிக்கும்போது அந்த ஈஸ்ட் உண்டாக்குபவை. பழமோ கிராம்போ சேர்ப்பதில்லை. மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) பாதிக்குக் குறையாமல் கோதுமை, மீதி பார்லி. 'கிறிஸ்டல்' என்று போட்டிருந்தால் அது வடிகட்டிய தெளிந்த வகை.

கெட்டதா என்பதை மூக்கே சொல்லும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் வெக்கையில் கிடந்து பழசாகிவிட்டது. வைத்திருந்து குடிக்கும் சரக்கல்ல இது. நம் கடற்கரைச் சூட்டில் அலமாரியில் வைக்கவே வேண்டாம், நேரே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

ஒரு நாள் கிளாஸ் முழுக்க நுரை பொங்கி வழிகிறது. இன்னொரு நாள் நுரையே நிற்பதில்லை. ஏன்?
– வாசகர், தங்கச்சிமடம்

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. சாதாரண பீரைவிட இதில் கேஸ் அதிகம். பஸ்ஸில் குலுங்கி வந்த பாட்டிலை உடனே திறந்தால் பொங்கத்தான் செய்யும். ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் வண்டல் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்து உவர் தண்ணீரில் கழுவிய கிளாஸில் வெள்ளைத் திட்டு படிகிறதல்லவா, அந்தச் சொரசொரப்பும் நுரையைக் கிளப்பிவிடும். வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்து, காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ அலசுங்கள். நுரை நிற்காததற்குக் காரணம் எண்ணெய்ப் பசை. மீன் பொரித்த கையோடு கிளாஸின் உள்பக்கத்தைத் தொட்டாலே போதும், நுரை அமுங்கிவிடும். சரியாக அலசாத சோப்பும் அப்படியே.

ஊற்றும் முறை: கிளாஸைக் குளிர்ந்த குடிதண்ணீரில் அலசி, துடைக்காமல் ஈரத்தோடே 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். உள்சுவரை ஒட்டி மெல்ல ஊற்றி, கிளாஸ் நிரம்ப நிரம்ப நிமிர்த்துங்கள். பாட்டிலில் இரண்டு விரற்கடை மிஞ்சும்போது நிறுத்தி, நாலைந்து முறை சுழற்றி வண்டலைக் கலக்கி நடுவில் ஊற்றுங்கள். நுரை மூன்று விரல் உயரம் நிற்க வேண்டும். அதற்கு இடம்விட்டுத்தான் கோதுமை பீருக்கான வைட்சன் கிளாஸை அடி ஒடுங்கி, மேலே அகன்று, உயரமாகச் செய்கிறார்கள். அந்தக் கிளாஸ் இல்லையா? இரண்டு டம்ளரில் பிரித்து ஊற்றுங்கள். வண்டலையும் பாதிப் பாதி.

ஃப்ரீசரில் வைத்து ஜில்லென்று குடிக்கலாமா? எலுமிச்சை போடலாமா?
– வாசகர், தொண்டி

இரண்டும் வேண்டாம். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும். அதற்குக் கீழே போனால் வாழைப்பழ வாசனை அமுங்கிவிடும். ஃப்ரீசரில் மறந்தால் பாட்டில் வெடிக்கும். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். எலுமிச்சையின் புளிப்பு ஈஸ்ட் தந்த வாசனையை மூடிவிடும். தோலின் எண்ணெய் நுரையைக் கெடுக்கும்.

தொட்டுக்கொள்ள எது பொருந்தும்?
– வாசகர், பாம்பன்

ஜெர்மனியின் பவேரியாவில் வெள்ளை சாசேஜும் இனிப்புக் கடுகு விழுதும் வைத்துக்கொள்வார்கள். நமக்கு அவித்த நண்டு, அல்லது உப்பும் மஞ்சளும் மிளகும் மட்டும் தடவிப் பொரித்த விளைமீன். இந்த பீரில் கசப்பு குறைவு என்பதால் மீனின் இனிப்பு அமுங்காது. மிளகாய் தூக்கலான கணவாய்த் தொக்கைத் தவிருங்கள். கேஸும் ஆல்கஹாலும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டும், கிராம்பு வாசனை இருந்த இடம் தெரியாது.